ஊசிமுனையும் ஒரு துண்டுக் கோடும்

போன வாரம் குண்டுவை அலுவலக லிஃப்டுக்குள் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டதாக வாசகிகள் பலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கோபம். இதோ, லிஃப்ட் கதவு திறந்துவிட்டது, அவனும் வெளியே வந்துவிட்டான். முகம் மட்டும் பேயறைந்த மாதிரி இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. குண்டு என்பது சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர். இன்றைக்கு ஆளைப் பார்த்தால் அந்தப் பெயருக்கு ஒரு சாட்சியும் கிடைக்காது. ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கிறான். ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்கு வழி காட்டும் கைக்கருவி செய்கிற கம்பெனியில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான்.

அவன் அம்மா வாரத்தில் பாதி நாள் ஒரு அச்சகத்தின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறாள். அது சம்பளத்துக்கு. மீதி நேரமெல்லாம் 'வளைகோடு' என்ற லைப்ரரிக்கு. திரையில் கோடு, வட்டம், எழுத்து, படம் என்று எதை வரைய வேண்டியிருந்தாலும் மற்ற மென்பொருள்கள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும் நிரல் தொகுப்பு அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம். மேசைக் கம்ப்யூட்டரோ, போனோ, பிரவுசரோ, கைக்கருவியோ, எங்கே வரைந்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பது அவளுடைய இருபது வருடப் பிடிவாதம். ஒரு புள்ளி தள்ளி விழுந்தாலும் விடமாட்டாள் என்பதால் அந்த வட்டாரத்தில் அவளுக்கு 'ஊசிமுனை' என்று பெயர். ஊசிமுனை ஆணா பெண்ணா, எந்த ஊர் என்றுகூட அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்பாள்.

மகனுக்கு வேலை கிடைத்தபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"என் பேரைச் சொல்லி எங்கேயும் ஒரு காரியமும் நடத்திக்கக் கூடாது. அப்புறம் நீ செய்யறது எதுவும் உன்னுதா இருக்காது, நான் செஞ்சதும் என்னுதா இருக்காது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன், லிஃப்டில் தன் குழுத் தலைவர் பேசியதைக் கேட்டுத்தான் அப்படி ஆகிவிட்டான். அவருக்கு அலுவலகத்தில் 'கெடுபிடி' என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

"புதுக் கருவில கோடெல்லாம் கன்னாபின்னான்னு வருதே, அதுக்கு அந்த வளைகோடுதான் காரணம். எந்தக் கிறுக்கன் எழுதினானோ! நாலு மணி மீட்டிங்ல அதைத் தூக்கிக் கடாசறோம். ஏன் கடாசினோம்னு நம்ம வலைப்பக்கத்துல நானே விலாவாரியா எழுதப் போறேன். மத்தவங்களாவது தப்பிக்கட்டும்."

கெடுபிடி எழுதினால் ஊரே படிக்கும். இந்தத் தொழிலில் அவர் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு.

"சார், நாலு மணி வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. என்னன்னு பார்த்துடறேன்" என்றான் குண்டு.

"உனக்கென்னய்யா அதுல இவ்வளவு அக்கறை?"

"சும்மா... ஒரு ஆர்வம் சார்."

"ஆர்வம் எல்லாம் சரி. நாலு மணின்னா நாலு மணி."

தன் மேசைக்கு வந்து புதுக் கருவியை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தான். இவர்களுடைய வரைபடத்தில் துண்டு துண்டான கோடு என்றால் அந்த வழியாகப் போகலாம். விடாமல் ஓடும் கோடு என்றால் பாதை மூடியிருக்கிறது. பழைய கருவியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. புதிதில், வண்டி நிற்கும் இடத்தில் துண்டுகள் அழகாகத் தொடங்கின. போகப் போக ஒன்றோடொன்று குழம்பி, கடைசியில் ஒரே கோடாக ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரிக்குப் போகிற நல்ல பாதை, மூடிய பாதை மாதிரி காட்டியது.

கெடுபிடி கோபப்பட்டதில் தப்பே இல்லை என்று அவனுக்குப் பட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டு "அம்மா, இது என்னன்னு பாரேன்" என்று கேட்டால் அரை மணியில் காரியம் முடியும். ஆனால் கொடுத்த வாக்கு இருக்கிறதே. வளைகோட்டின் புகார்ப் பக்கத்தைத் திறந்து, ஊரார் எல்லோரையும் போல வரிசையில் நின்று, 'களக்கருவிக் குழு' என்ற அலுவலகப் பெயரில் ஒரு புகாரை எழுதிப் போட்டான். அங்கே உலகத்துக்கே பொதுவான மொழியில்தான் எழுதுவார்கள். நம் வசதிக்காக நான் இங்கே தமிழில் தருகிறேன்.

"புதிய கைக்கருவியில் துண்டுக் கோடுகள் சிதைகின்றன. மிகவும் அவசரம்."

பதில் உடனே வந்தது.

"அவசரம் எல்லோருக்கும்தான். உங்கள் கருவியில் உள்ள அதே சிப்பில் எங்கள் சோதனைகள் தினமும் ஓடுகின்றன. எல்லாம் பச்சை. முதலில் உங்கள் நிரலைச் சரிபாருங்கள். – ஊசிமுனை."

சொந்த அம்மாவிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்வது அவனுக்குப் புதிதல்ல. உலகம் பார்க்க வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் புதிது.

வீட்டின் பின்னறையில் ஊசிமுனை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு இரும்பு ரேக். அதில் தட்டுத் தட்டாகப் பழைய போன்கள், டேப்லெட்டுகள், மூடி கழன்ற லேப்டாப்புகள், விரலளவு கம்ப்யூட்டர் போர்டுகள், எல்லாவற்றிலிருந்தும் ஒயர். வளைகோட்டில் ஒரு எழுத்தை மாற்றினாலும் போதும். இத்தனை கருவிகளும் தானாக விழித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் ஏற்கெனவே வைத்திருக்கும் மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் அந்தக் கருவிக்குப் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. அந்தப் பச்சையைத்தான் அவள் நம்பினாள்.

அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இந்த வீட்டில் அவருக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. ரேக்கில் ஏதாவது கருவி உறைந்துபோய் நின்றால் அதன் பொத்தானை அழுத்திப் பிடித்து எழுப்பிவிட வேண்டும்.

"ஏங்க, மேல் தட்டுல அந்த நீலப் போன் மறுபடி தூங்கிடுச்சு பாருங்க. இங்கே எவனோ களக்கருவிக் குழுவாம், அவசரமாம். என் சோதனை பச்சைங்கறேன், கேக்க மாட்டேங்கறான்."

அப்பா நீலப் போனை அழுத்திக்கொண்டிருக்கும்போது அவருடைய சொந்தப் போன் அடித்தது. வாசல் பக்கம் வந்து எடுத்தார்.

"அப்பா, நான்தான். அந்தக் களக்கருவிக் குழு நான்தான்."

"என்னடா சொல்றே!"

"மெதுவாப் பேசுங்கப்பா. அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலேன்னா எங்க சார் வளைகோட்டைத் தூக்கிப் போட்டுட்டு, ஊரெல்லாம் படிக்கற மாதிரி கிழிச்சு எழுதப் போறாரு. அம்மா கோபமா இருக்காளா, அதை மட்டும் சொல்லுங்க."

உள்ளேயிருந்து, "நேத்துப் பொறந்ததெல்லாம் எனக்கு அவசரம் சொல்லுது" என்ற குரல் வந்தது.

"கேட்டுச்சா?" என்றார் அப்பா.

"கேட்டுச்சு."

"நான் வாயைத் தொறக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். அவகிட்டக் கெஞ்சினா வேலைக்காகாது. கண்ணுல காட்டணும்."

கெஞ்சியே தன் பாதிக் காரியத்தை நடத்திக்கொள்கிற மனிதர் இதைச் சொன்னார்!

குண்டு காட்டத் தீர்மானித்தான். வரைபட நிரலை எடுத்து வைத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தான். தெருப் பெயர்களை எடுத்தான். கட்டிடங்களை எடுத்தான். ஆறு, பாலம், வண்டியின் சின்னப் படம் எல்லாம் போயிற்று. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுக் கருவியில் ஓட்டிப் பார்த்தான். கோளாறு அப்படியே இருந்தது. அவர்களுடைய நிரல் என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சாத வரைக்கும் வெட்டினான். கடைசியில் வெள்ளைத் திரை, அதில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே ஒரு துண்டுக் கோடு. மேசைக் கம்ப்யூட்டரில் பல் வரிசையாய் நேராக நின்றது. கருவியில், பாதிக்கு மேல் கூழாகிவிட்டது.

இரண்டையும் படம் பிடித்து, அந்தக் குட்டி நிரலோடு சேர்த்து அனுப்பினான். கூட ஒரே ஒரு வரி: "இதில் எங்கள் பக்கம் என்று எதுவும் மிச்சமில்லை."

அம்மா படத்தைத் திறந்தாள். அந்தக் குட்டி நிரலை எடுத்து, ரேக்கில் அதே சிப் உள்ள டேப்லெட்டில் ஓட்டினாள். கோடு அங்கேயும் கூழானது. அவள் கண்முன்னால், அவள் அறையில், அவள் கருவியில்.

"அப்படின்னா சோதனை ஏன் பச்சைங்குது?" என்று உரக்கவே கேட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும்.

அந்தச் சிப்புக்கான மாதிரிப் படங்களை வரிசையாகத் திறந்தாள். இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிப்பும் கோட்டின் விளிம்பைக் கொஞ்சம் வேறு மாதிரி தேய்க்கும். அதனால் புதிதாக ஒரு சிப் சேரும்போது, அதையே ஒரு தடவை வரையச் சொல்லி, கண்ணால் பார்த்து, 'சரி' என்று பொத்தானைத் தட்டி, அதன் படங்களையே அதற்கு மாதிரியாக வைத்துக்கொள்வது இவர்களுடைய வழக்கம். நூற்றுக்கணக்கான படங்களை நகம் அளவில் அடுக்கி வைத்துப் பார்ப்பார்கள். நகம் அளவில், சிதைந்த துண்டுக் கோடும் சிதையாத துண்டுக் கோடும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

துண்டுக் கோட்டின் மாதிரிப் படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். மாதிரியே கூழாக இருந்தது.

சிப் முதல் நாளே தப்பாக வரைந்திருக்கிறது. அவள் அதைச் சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து தினம் தினம் அது தப்பை வரைய, தப்போடு ஒப்பிட, பச்சை பச்சை என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த மாதிரி தவறைச் செய்ய அக்கறையான ஆட்களால்தான் முடியும். சோதனையே வைக்காதவனுக்கு இப்படிச் சறுக்க வழியே கிடையாது.

"சாப்பிட வரியா?" என்றார் அப்பா.

"இல்ல. எனக்கு இப்ப ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

புகார்ப் பக்கத்தில் எழுதினாள். அலுவலகத்தில் குண்டு அதைப் படித்தான். அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற கெடுபிடியும் படித்தார்.

"தவறு எங்களுடையது. மாதிரிப் படமே பிழையானது. அதைச் சரியென்று ஏற்றது நான். வேறு யாரும் அல்ல. காலையில் உங்களைக் குறை சொன்னதற்கு வருந்துகிறேன். நீங்கள் அனுப்பிய குட்டி நிரல் அருமை. – ஊசிமுனை."

குண்டு இன்னொரு தடவை படித்தான். இருபது வருடப் பெயரை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவனிடம் நாலு வரியில் தவறை ஒப்புக்கொள்கிறாள். சுற்றி வளைக்கவில்லை. சிப்பின் மேல் பழி போடவில்லை. என் அம்மா, என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்த முடியாததால் தண்ணீர் குடித்தான்.

"பரவாயில்லையே, கிறுக்கன் நேர்மையான கிறுக்கனா இருக்கான்" என்றார் கெடுபிடி. "ஆனா ஒப்புக்கிட்டா போதாது. கோடு நேராகணும்."

காரணம் பிறகு சீக்கிரமே பிடிபட்டது. துண்டுக் கோடு வரையும்போது, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் இங்கே மை, இங்கே இடைவெளி என்று முடிவாகும். மற்ற சிப்களெல்லாம் அந்த எண்ணைத் தசமத்தோடு முழுசாக வைத்துக்கொண்டன. இந்தச் சிக்கனக்கார சிப், எண் பெரிதாகப் பெரிதாகத் தசமத்தை நறுக்கி எறிந்தது. மைக்கும் இடைவெளிக்கும் உள்ள எல்லை அதில் காணாமல் போனது.

குண்டு குதூகலமாக ஒரு திருத்தம் அனுப்பினான். எல்லா எண்களையும் முழு நீளத்துக்கு வைத்துக்கொள்ளும்படி சிப்புக்கு உத்தரவு!

"ஏற்க முடியாது" என்று வந்தது பதில். "இதனால் உங்கள் கருவி பிழைக்கும். பழைய போன்கள் எல்லாம் ஊர்ந்து செல்லும். அவற்றை வைத்திருப்பவர்களும் மனிதர்களே. மேலும், திருத்தத்தைக் குழுவின் பெயரில் அனுப்பாதீர்கள். எழுதியவரின் பெயரில் அனுப்புங்கள். நாளைக்கு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்."

பெயருக்கு எங்கே போவது? மேசையில் கிடந்த ரப்பர் கைகொடுத்தது. 'அழிரப்பர்' என்று ஒரு கணக்கைத் தொடங்கினான்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அழிரப்பர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தான். மொத்தத் தூரம் எதற்கு? மைக்கும் இடைவெளிக்கும் இந்தத் துண்டில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால் போதாதா? நீளக் கோட்டைப் பகுதி பகுதியாக வெட்டு. முந்தின பகுதி எந்த இடத்தில் நின்றதோ, அந்த மிச்சத்தை மட்டும் அடுத்ததன் கையில் கொடு. எண் பெரிதாகவே ஆகாது. நறுக்குகிற சிப்புக்கு நறுக்க ஒன்றும் கிடைக்காது.

எழுதினான். தன் கருவியில் ஓட்டினான். கோடு கடைசி வரை பல் வரிசையாய் நின்றது. அனுப்பினான்.

பின்னறையில் ரேக் முழுவதும் விழித்துக்கொண்டது. திரைகள் மாறி மாறி மின்னின. இந்தத் தடவை அம்மா பச்சையை நம்பவில்லை. துண்டுக் கோட்டுப் படங்களை ஒவ்வொரு கருவிக்கும் திரை முழுக்கப் பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். மேசைக் கம்ப்யூட்டர்கள் சரி. பிரவுசர் சரி. போன்கள் சரி. ஆமை வேக போர்டும் சரி, வேகம்கூடக் குறையவில்லை. நீலப் போன் மட்டும் தூங்கிவிட்டது. கடைக்குக் கிளம்பிய அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்து அதை எழுப்பினார். அதுவும் சரி.

"ஏங்க," என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரோ பெத்த பிள்ளை. என்ன சுத்தமா எழுதியிருக்கான் பாருங்க! ஒரு வரி அநாவசியமா இல்ல. இவனைப் பெத்தவ கொடுத்து வச்சவ."

அப்பாவுக்கு வந்த இருமல் நிற்கவே இல்லை.

"தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு ஒப்புதல் பொத்தானைத் தட்டினாள். வளைகோட்டைப் பார்த்துக்கொள்கிற மற்ற இரண்டு பொறுப்பாளர்களும் உலகத்தின் அந்தக் கோடியில் தூங்குகிற நேரம். அவசரம் கருதித் தானே ஏற்று, லைப்ரரியில் சேர்த்தாள்.

நாலு மணிக் கூட்டத்தில் கெடுபிடி கைக்கருவியை எல்லோருக்கும் காட்டினார். கோடு நேராக இருந்தது. காலையில் தூக்கிக் கடாச வேண்டும் என்றவர் இப்படிப் பேசினார்:

"வளைகோடு இருக்கட்டும். கோளாறு எல்லா லைப்ரரிலயும் வரும். தப்பை மறைக்காம ஒப்புக்கிட்டு, நம்ம பையன் 'அழிரப்பர்'னு அனுப்பின திருத்தத்தை ஒரே நாள்ல ஏத்துக்கிட்ட ஆளை நான் இந்தத் தொழில்ல அதிகம் பார்த்ததில்ல. அந்த நேர்மையை நம்பித்தான் வைக்கிறேன். வலைப்பக்கத்துலயும் அதையேதான் எழுதப் போறேன்." பிறகு குண்டுவின் பக்கம் திரும்பினார். "அந்த ஊசிமுனை யாருன்னு உனக்குத் தெரியுமா?"

எல்லோரும் பார்த்தார்கள்.

"பழக்கமில்ல சார்" என்றான், அவள் கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தவன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்தது, அம்மா அபார சந்தோஷத்தில் இருக்கிறாள் என்று. தட்டு எடுத்து வைக்கும் சத்தத்தில்கூட ஒரு துள்ளல் இருந்தது.

"வாடா. இன்னிக்கு ஒரு ஆளைப் பார்த்தேன். பார்த்தேன்னா, எழுத்துல. அழிரப்பராம், பேரைப் பாரு! உன் வயசுதான் இருக்கும். கோளாறை ஒரே கோடாச் சுருக்கிக் கொண்டுவந்து என் மூஞ்சில வச்சான். திருத்தத்தைத் திருப்பி அனுப்பினேன், மூஞ்சி தூக்கல. மறுபடி யோசிச்சு எழுதினான். லைப்ரரிக்குச் சாவியே கொடுத்துட்டேன். இனிமே அவனும் ஒரு பொறுப்பாளர். நீயும் இருக்கியே! ஒரு தடவை அவன் எழுதினதைப் படிச்சுப் பாரு, புத்தி வரும்."

குண்டு அப்பாவைப் பார்த்தான். அப்பா சோற்றைப் பார்த்தார். சாவி கொடுத்ததாக வந்த செய்தி சட்டைப் பையில் போனுக்குள் கிடந்தது. அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இதற்கு மேல் மறைத்தால் அது வாக்கைக் காப்பாற்றுவது ஆகாது, ஏமாற்றுவது ஆகிவிடும்.

"அம்மா. அழிரப்பர் நான்தான்."

அம்மா சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"களக்கருவிக் குழு?"

"அதுவும் நான்தான். உன் பேரை நான் எங்கேயும் சொல்லல. சார் கேட்டப்பகூடத் தெரியாதுன்னுட்டேன்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்த இருமல்?"

"தொண்டைல கரகரப்பு" என்றார் அவர் ஈனக்குரலில்.

அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் சந்தோஷம், கோபம், பயம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

"என்ன காரியம்டா பண்ணிட்டே! நாளைக்கு எவனாவது இதைக் கண்டுபிடிப்பான். என்ன சொல்லுவான்? அம்மா தப்பு பண்ணா, பிள்ளை வந்து பூசி மெழுகிட்டான், அம்மா அவனுக்கே சாவியைக் கொடுத்துட்டா. வீட்டுக் கம்பெனி! இருபது வருஷமா என் முகம் தெரியாமலேதானேடா என்னை நம்பினாங்க?"

"நான் பூசி மெழுகலம்மா. தொறந்துதான் காமிச்சேன். எல்லாம் அந்தப் பக்கத்துல அப்படியே இருக்கு, யார் வேணாலும் படிக்கலாம்."

"நீ யாருன்னு அதுல இல்லையே."

அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். இரண்டு ஆண்களும் தட்டை விட்டுவிட்டுப் பின்னாலேயே போய், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

அவள் முதலில் திருத்தத்தை லைப்ரரியிலிருந்து எடுத்தாள், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். குண்டுவின் பையில் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. பிறகு, காலையில் சண்டை தொடங்கிய அதே பக்கத்தில், எல்லோரும் பார்க்க எழுதினாள். இவர்கள் தோளுக்கு மேலாகப் படித்தார்கள்.

"இந்தத் திருத்தத்தை அனுப்பிய அழிரப்பர் என் மகன். இன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், திருத்தத்தையும் லைப்ரரியிலிருந்து எடுத்துவிட்டேன். மற்ற இரு பொறுப்பாளர்களும் முதலிலிருந்து பார்த்துத் தயவு தாட்சண்யம் இல்லாமல் முடிவு சொல்லவும். அவருக்குப் பொறுப்புத் தரலாமா என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள்."

போச்சு, என்று நினைத்துக்கொண்டான் குண்டு. நாள் முழுக்க உழைத்தது ஒரு வரியில் காற்றில் போயிற்று. கெடுபிடி நம்பியதும் சேர்ந்துதான் போகும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் 'பழக்கமில்ல' என்றானே!

"ஏம்மா, பொழுது விடியட்டும்னு இருக்கலாமே" என்றார் அப்பா மெதுவாக.

"விடிஞ்சா தைரியம் போயிடும்" என்றாள் அவள்.

விரல்கள் விசைப்பலகையின் மேலேயே நின்றன. அனுப்பவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கீழே இன்னும் கொஞ்சம் சேர்த்தாள்.

"இவ்வளவு சுத்தமான திருத்தம் இந்த லைப்ரரிக்கு இருபது வருடத்தில் வந்ததில்லை. இதைச் சொல்வது ஊசிமுனை அல்ல, அவனைப் பெற்றவள். எனவே இந்த வரியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்."

அனுப்பிவிட்டாள்.

குண்டு அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பாமலே கையை மேலே நீட்டி, அவன் கன்னத்தைத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

அவன் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். கெடுபிடி. மனிதர் தன் திரையில் அந்தப் புகார்ப் பக்கத்தை மூடாமலேயே வைத்திருந்திருக்கிறார்.

"யாரு?" என்றாள் அம்மா.

"எங்க சார்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா நாற்காலியைத் திருப்பி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எடு. ஸ்பீக்கர்ல போடு" என்றாள். "நான் பேசறேன்."